1151தானே, ஏன் ஓடவில்லை?

கேள்வி: அண்ணா, நான் நிலாவெளியில் இருக்கிறேன். உயர்தரத்துக்குப் படிக்கிறேன். மாமா தந்த பழைய கம்ப்யூட்டரில் எச்110 மதர்போர்டும் ஐ3-6100 புரொசெசரும் இருக்கின்றன. வேகம் போதாமல் பாவித்த ஐ5-8400 ஒன்று வாங்கினோம். "இதுவும் 1151, அதுவும் 1151, வடிவாய்ப் பொருந்தும்" என்று சொல்லித்தான் தந்தார்கள். பொருந்தவும் செய்தது. ஆனால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. எது பழுது?

பதில்: தங்கச்சி, அநேகமாக எதுவும் பழுதில்லை. உடனே ஐ5ஐக் கழற்றிவிட்டுப் பழைய ஐ3ஐப் போட்டுப் பாருங்கள். திரை வந்தால் போர்ட் தப்பியது.

திருகோணமலை ஏகாம்பரம் வீதியில் என் மேசைக்கு இதே கதையோடு வந்த பெட்டிகள் பல. 1151 என்பது புரொசெசர் உட்காரும் சொக்கெட்டில் உள்ள தொடுபின்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். 2015இல் 6ஆம் தலைமுறையோடு வந்த இந்தச் சொக்கெட்டையே 7ஆம் தலைமுறையும் பாவித்தது. 2017 கடைசியில் 8ஆம் தலைமுறை வந்தபோது இன்டெல் அதே எண்ணையும் அதே வெட்டுகளையும் வைத்துக்கொண்டு உள்ளே பின்களின் வேலையை மாற்றிவிட்டது. உங்கள் ஐ5இல் ஆறு கோர். அதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும் என்று, முன்பு சும்மா கிடந்த பின்கள் சில மின்சாரத்துக்குப் போயின. அதனால் அது எச்310, பி360 போன்ற 300 வரிசை போர்டுகளில்தான் ஓடும். எண்ணை மட்டும் பார்த்து விற்பது எனக்குக் கோபம் தரும் விஷயம். பிள்ளைகளின் காசு அது.

இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியில், ரைசன் 1000 முதல் 5000 வரையான புரொசெசர்கள் ஏஎம்4 என்ற ஒரே சொக்கெட்டில் ஓடின. அங்கேயும் போர்டின் சிப்செட்டையும் (எச்110, பி360 என்பவை அப்படியான பெயர்கள்தான்), போர்டை எழுப்பும் உள் மென்பொருளான பயோஸையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உங்களுக்கு இரண்டு வழி. சிப்பைத் திருப்பி எடுப்பார்கள் என்றால் ஐ5-6500 கேளுங்கள். நாலு கோர், உங்கள் போர்டில் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஐ5-7500 என்றால் பயோஸைப் புதுப்பிக்க வேண்டி வரலாம். அதை ஐ3 உள்ளே இருக்கும்போதே, யூபிஎஸ் வைத்துச் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்ட் எழும்பாமல் போகலாம். ஆனால் நான் சொல்வது, கையில் கொஞ்சம் காசிருந்தால் 8400ஐ வைத்துக்கொண்டு பாவித்த பி360 போர்ட் ஒன்று தேடுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11இன் பட்டியல் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. வாங்கும் முன் உங்கள் ராம் டிடிஆர்3ஆ டிடிஆர்4ஆ என்று பாருங்கள்; புது போர்டும் அதே வகையை ஏற்க வேண்டும். போர்டில் அச்சிட்ட மாடல் பெயரை டோர்ச் அடித்து வாசித்து, அந்தக் கம்பெனியின் புரொசெசர் பட்டியலில் 8400 இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாவித்த போர்ட் என்றால் சொக்கெட்டைச் சரிவாக வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்கள் எல்லாம் ஒரே சீராகச் சாய்ந்து, நெல் வயல் போல வரிசையாக மினுங்க வேண்டும். ஓரிடத்தில் மினுக்கம் உடைந்தால் அங்கே ஒரு பின் வளைந்திருக்கிறது, வாங்காதீர்கள். கடற்கரை வீடுகளில் இருந்த போர்டுகளில் துருவோ பச்சையோ பூத்த இடங்களையும் பாருங்கள். எங்கள் உப்புக் காற்றின் வேலை அது.

உங்கள் போர்டை என்னிடம் காட்ட வேண்டுமென்றால், பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐ3 சொக்கெட்டிலேயே இருக்கட்டும். பின்களுக்கு அதுதான் மூடி.