கேள்வி – பதில்: வகுப்பறைக்குக் கதைப் புத்தகம்

கேள்வி: எஸ்டேட் பள்ளி, தமிழ் மீடியம். நாலாம் வகுப்பில் 22 பிள்ளைகள். பாதிப் பேர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். 5,000 ரூபாய் நன்கொடை வந்திருக்கிறது. என்ன வாங்கலாம்?
– ஆசிரியை, தேவிகுளம்

பதில்: நாலாம் வகுப்பு என்பதற்காக அந்த வயதுக்கென்று போட்ட புத்தகங்களையே வாங்கிவிடாதீர்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். பொது அறிவுக் களஞ்சியமும் தடித்த நீதிக்கதைத் தொகுப்பும் பீரோவுக்கு அழகு. எழுத்துக் கூட்டும் பிள்ளை இரண்டாம் பக்கம் தாண்டாது.

படக்கதை ஒன்று சராசரி 60 ரூபாய் என்று வைத்தால் 3,600-க்கு 60 புத்தகம். நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், துளிகா, பாரதி புத்தகாலயம் ஆகிய பதிப்பகங்களின் பட்டியல்களைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி உள்ளவை 30, ஒரு பத்தி உள்ளவை 20, நீளக் கதை 10 போதும். ஐந்து தலைப்புகளை மட்டும் மும்மூன்று பிரதி வாங்குங்கள். ஒருத்தி படித்துச் சிரித்தால் பக்கத்தில் இருப்பவளுக்கும் அதே புத்தகம் அப்போதே வேண்டும். யானை நடமாடும் ஊரில் யானைக் கதை எதற்கு என்று தள்ளவும் வேண்டாம். படத்தில் தப்புக் கண்டுபிடிக்கவாவது எடுப்பார்கள்.

400 ரூபாய்க்கு நைலான் கயிறும் ஆணியும். பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில் இழுத்துக் கட்டி, புத்தகத்தை நடுவில் விரித்துக் கவிழ்த்துப் போடுங்கள். அட்டை தெரிய வேண்டும். அலமாரியில் நெருக்கி அடுக்கினால் மெல்லிய புத்தகம் கண்ணிலேயே படாது. மீதி 1,000 கையிருப்பு. கிழியும், தொலையும். ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய புத்தகம் போனால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில்தான் பீரோக்கள் பூட்டப்படுகின்றன. நன்கொடைப் புத்தகங்களைத் தனி நோட்டில், புழங்கிப் புழங்கித் தேயும் பொருளாகவே எழுத முடியுமா என்று ஹெச்.எம்.மிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: ஸ்டோரிவீவர் இணையதளத்தில் உள்ள கதைகளை அச்செடுத்தால் எழுத்து பொடிப்பொடியாக வருகிறதே?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: 'புக்லெட்' என்ற அச்சு அமைப்பில் கொடுத்திருப்பீர்கள். அந்தக் கதைகளில் பெரும்பாலானவை அகலவாக்குப் பக்கங்கள். நெட்டுவாக்கில் மடிக்கும் அமைப்பில் சுருங்கிப்போகும். ஏ4 தாளை நிமிர்த்தி, தாளின் ஒரு புறத்தில் கதையின் இரண்டு பக்கம் மேலும் கீழுமாக வரச் செய்து, நடுவில் வெட்டுங்கள். அச்சிடும் திரையில் பக்க எண் கட்டத்தில் 1,3,2,4,5,7,6,8 என்று வரிசை கொடுக்க வேண்டும். 1,2,3,4 என்று கொடுத்தால் வெட்டியபின் கதை தாறுமாறாகிவிடும். இரண்டு புறமும் அச்சிடும்போது நீள ஓரத்தில் திரும்பும்படி வையுங்கள். 16 பக்கக் கதைக்கு 4 தாள். இடது ஓரத்தில் இரண்டு ஸ்டேப்ளர் முள் அடித்து, முள் விரலில் குத்தாமல் இரண்டு அங்குல டேப் ஒட்டுங்கள்.

70 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளில் பின்பக்கப் படம் தெரியும், 100 எடுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் கோட்டோவியக் கதைகளையே தேர்ந்தெடுங்கள். இரவுக் காட்சிக் கதைகள் கரிப்பலகையாக வரும். தளத்தில் வாசிப்பு நிலை 1 என்பது 250 சொல்லுக்கு உட்பட்டது, நிலை 2 என்பது 600 வரை. அச்சிட்டுக் கொடுக்க உரிமம் இடம் தருகிறது. எழுதியவர், வரைந்தவர் பெயருள்ள கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் புத்தகமெல்லாம் பூஞ்சை.
– ஆசிரியர், பீர்மேடு

பதில்: பீரோவைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளுங்கள், பகலில் திறந்து வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைக்கும். பூஞ்சை பிடித்ததை வெளியே கொண்டுபோய்க் காற்றாட உலர்த்தி, மூக்கை மூடிக்கொண்டு உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம், பூஞ்சை தாளுக்குள் இறங்கிவிடும்.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளிக்குப் பழைய புத்தகம் அனுப்புவதாகச் சென்னையில் உறவினர்கள் சொல்கிறார்கள். எப்படி வாங்குவது?
– பெற்றோர், நகரி

பதில்: 'இருப்பதை அனுப்புங்கள்' என்றால் கைடும் வார இதழும்தான் வரும். 'பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தமிழ்க் கதைப் புத்தகம், கிழியாதது' என்று எழுதிக் கொடுங்கள். அட்டைகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, வேண்டியதை நீங்களே பொறுக்குங்கள். புத்தகம் அனுப்பத் தபால் துறையின் 'ஞான் போஸ்ட்' சேவை 2025 மே 1 முதல் உண்டு: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. மெல்லிய படக்கதை ஏறக்குறைய 50 அந்த 5 கிலோவில் அடங்கும். விளம்பரம் உள்ள வார இதழ்களை அந்தக் கட்டணத்தில் ஏற்க மாட்டார்கள், பார்சலில் சேர்க்க வேண்டாம்.