51 பேர் ஆதரித்தும் தோற்றது ஏன்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை மூன்று ஆண்டுகள் நீட்டிக்கும் மசோதாவை 2025 டிசம்பரில் செனட்டில் 51 பேர் ஆதரித்தார்கள், 48 பேர் எதிர்த்தார்கள். ஆனாலும் தோல்வி என்கிறார்கள். இது என்ன கணக்கு? ஜனநாயகக் கட்சி ஆட்சியில் இருந்தபோதே இதை நிரந்தரமாக்கியிருக்கலாமே?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

அன்று நடந்தது மசோதா மீதான வாக்கெடுப்பே அல்ல. அதை எடுத்துக்கொள்ளலாமா என்ற விவாதத்தை முடிக்கவே செனட்டில் 60 வாக்குகள் வேண்டும். குடியரசுக் கட்சியின் மாற்று மசோதாவுக்கும் அதே நாளில் அதே 51-48, அதே கதி.

உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஒபாமாவின் 2010 சட்டப்படி, வறுமைக்கோட்டைப் போல நான்கு மடங்கு வருமானம் வரைதான் மானியம். 2026 காப்பீட்டுக்குத் தனிநபர் வரம்பு 62,600 டாலர். அதற்கு மேல் ஒரு டாலர் கூடினாலும் மானியம் முழுவதும் போய்விடும். அறுபது வயதில் சொந்தத் தொழில் செய்பவருக்கு இது பேரிடி. வயது ஏற ஏற அங்கே பிரீமியமும் ஏறும். 2021இல் ஜனநாயகக் கட்சியினர் இந்த வரம்பை எடுத்துவிட்டு, நடுத்தரத் திட்டம் ஒன்றின் பிரீமியம் வருமானத்தில் 8.5 சதவீதத்தைத் தாண்டாதபடி மானியத்தைக் கூட்டினார்கள்.

அன்றும் அவர்களிடம் 60 இல்லை. வரவு செலவு சார்ந்த மசோதாவை எளிய பெரும்பான்மையில் நிறைவேற்றும் தனி வழியில் போனார்கள். (நம் பண மசோதாவுக்குத் தூரத்து உறவு.) 2022இல் அதை நீட்டித்தபோது 50-50 என்று நின்று, அன்றைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் வாக்கில் கரையேறியது. அந்த வழியில் செலவுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். நிரந்தரம் என்றால் தொகை எகிறும். ஆகவே 2025 முடிவு வரை என்று கெடு வைத்தார்கள். 'கோவிட் காலச் சலுகைதானே' என்று எதிரணி சொல்ல இடம் கொடுத்தது அந்தக் கெடுதான்.

பிறகு, நீட்டிப்பு கேட்டு ஜனநாயகக் கட்சியினர் செலவு மசோதாவைத் தடுக்க, 43 நாள் அரசு முடக்கம். கிடைத்தது அந்த டிசம்பர் வாக்கெடுப்பு மட்டுமே. கீழவையில் வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கும் மனுவில் சபாநாயகரை மீறி நான்கு குடியரசுக் கட்சியினரும் கையெழுத்திட, தேவையான 218 கையெழுத்து சேர்ந்தது. 2026 ஜனவரி 8 அன்று 230-196 என்று மசோதா அங்கே நிறைவேறியபோது கூட்டிய மானியம் காலாவதியாகி ஒரு வாரம் ஆகியிருந்தது.

இதற்காக விதிமுறையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் குடியரசுக் கட்சியினரும் இதே தனி வழியில், துணை அதிபர் வான்ஸின் வாக்கோடு, 2017 வரிக் குறைப்புகளில் பெரும்பகுதியை நிரந்தரமாக்கினார்கள். மானியத்தையும் அதிலேயே சேர்த்திருக்கலாம். 60 வாக்குகள் தேவைப்பட்டிருக்காது.