நரகலான விக்கிரகங்கள்

கேள்வி: ஐயா, வேதாகமத்தில் எசேக்கியேல் 6:4-இல் ‘நரகலான விக்கிரகங்கள்’ என்று வருகிறது. “நரகத்துக்குப் போகிற விக்கிரகமா டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எபிரேயத்தில் என்ன சொல்? என் வகுப்புக்கு மற்ற சமயத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். எப்படி விளக்குவது?
– ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, நாசரேத்

பதில்: அன்புள்ள அம்மா, நரகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நரகல் என்றால் மலம். “நரகல் கிடக்கு, பார்த்துப் போ” என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் அதே சொல்தான். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் கூச்சப்படாமல் அதைப் போட்டது எனக்கு மிகவும் பிடிக்கும்.

மூலத்தில் இருப்பது ‘கில்லூலீம்’. ‘உருட்டு’ என்ற வேரிலிருந்து வருவதால், உருண்டையான கல் அல்லது கட்டை என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. ஆனால் சாணத்தைக் குறிக்கும் ‘கேல்’ என்ற சொல்லும் அந்த வேர்தான். ‘அருவருப்புகள்’ எனப் பொருள்படும் ‘ஷிக்கூட்ஸீம்’ என்ற சொல்லின் உயிரொலிகளை வேண்டுமென்றே இதற்கு ஏற்றினார்கள் என்பது பல அறிஞர்களின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. காரணம், இரண்டே அதிகாரம் முன்னால், 4:12-இல், மனித மலத்தின் வறட்டியில் அப்பம் சுடும்படி எசேக்கியேல் தீர்க்கதரிசிக்குக் கட்டளை வருகிறது. அங்கே இருப்பது இந்தக் ‘கேல்’. ‘ஆ! கர்த்தராகிய ஆண்டவரே’ என்று அவர் பதறுகிறார். பிறகு மாட்டுச்சாணி அனுமதிக்கப்படுகிறது. அதைக் கேட்ட காதில் ஆறாம் அதிகாரத்தின் ‘கில்லூலீம்’ எப்படி விழுந்திருக்கும்!

அவர் ஆசாரியர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிணம் ஆசாரியனுக்குப் பெரிய தீட்டு; மலத்தில் சுட்ட அப்பத்தையும் அவர் தீட்டாகவே பார்த்தார். பலிபீடங்களைச் சுற்றி எலும்புகள் இறைக்கப்படும் என்று அடுத்த வசனம் சொல்வதும் அந்தத் தீட்டின் மொழிதான். பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய 48 முறை வரும் இந்தச் சொல்லில் 39 எசேக்கியேலிலேயே இருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதுதான் முக்கியம். கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களோடு போய், கேபார் நதியண்டையில் குடியிருந்தவர் எசேக்கியேல். ஆறாம் அதிகாரம் இஸ்ரவேலின் மலைகளைப் பார்த்துப் பேசுகிறது. தன் சொந்த ஜனங்களின் வழிபாட்டு மேடைகளைத்தான் அவர் இப்படித் திட்டுகிறார். 14-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலின் மூப்பர்களே அவர் முன் வந்து உட்காருகிறார்கள். இவர்கள் நரகலான விக்கிரகங்களைத் தங்கள் இருதயத்தின்மேல் நாட்டியிருக்கிறார்கள் என்று கர்த்தர் சொல்கிறார். இதை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பூஜையறையைப் பார்த்து வீசுவது வேதத்துக்குச் செய்யும் அநியாயம். வகுப்பில் 6:4-ஐ வாசிக்கும் அன்றே 14:1–3-ஐயும், சுத்தமான ஜலம் தெளித்து அந்த நரகலை நீக்குவேன் என்னும் 36:25-ஐயும் சேர்த்து வாசித்துவிடுங்கள்.

அப்புறம், அதே 6:4-இல் ‘சிலைகள்’ என்று இருப்பது ‘ஹம்மானீம்’. முன்பு சூரியச் சிலைகள் என்றார்கள். சிரியாவின் பல்மீராவில் கிடைத்த தூபபீடம் ஒன்றில் இந்தச் சொல் பொறித்திருப்பதைக் கண்ட பிறகு, தூபபீடங்கள் என்றே பலர் பெயர்க்கிறார்கள்.