எச்சிலை அனுப்பினால் ஆபத்து தெரியுமா?

கேள்வி: டாக்டர், 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் என் அப்பா இறந்துபோனார். வயது 54, பத்து வருடமாகச் சுகர். அதே வீட்டில் இருந்த, அவரைப் பெற்ற 80 வயதுப் பாட்டிக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விட்டது. இப்போது ஒரு விளம்பரம்: 'அடுத்த கொள்ளைநோய் உங்களைத் தாக்குமா? எச்சிலை அனுப்புங்கள், மரபணுவைப் பார்த்துச் சொல்கிறோம்.' 15,000 ரூபாயாம். எங்கள் ரத்தத்திலேயே கோளாறு இருக்கிறதா? நானும் தம்பியும் இந்த டெஸ்ட் எடுக்கலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரே வீடு, ஒரே கிருமி, தாய் பிழைக்க மகன் போகிறார். இதே புதிர் 2020இல் விஞ்ஞானிகளையும் தூங்கவிடவில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் மரபணுக்களை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டபோது, மூன்றாவது குரோமோசோமில் ஒரு துண்டு சிக்கியது. அது எப்போதோ அழிந்துபோன நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்திடமிருந்து நமக்கு வந்த பூர்வீகச் சொத்து என்று ஹியூகோ செபெர்க், ஸ்வாந்தே பேபோ என்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தெற்காசியர்களில் சுமார் பாதிப் பேர் அதைச் சுமக்கிறோம். ஐரோப்பாவில் 16 சதவீதம்தான்.

அந்தத் துண்டு என்ன செய்கிறது என்பதற்கு 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒரு விளக்கம் தந்தது. கிருமி தாக்கும்போது நுரையீரலின் உள்பக்கச் செல்கள் தங்கள் தன்மையை மாற்றிக்கொண்டு, கிருமி நுழையும் கதவுகளைக் குறைத்துக்கொள்ளும். அந்தத் துண்டால் 'எல்இசட்டிஎஃப்எல்1' என்ற மரபணு கூடுதலாக வேலை செய்பவர்களுக்கு இந்தத் தற்காப்பு மந்தமாகிறதாம். மூச்சுத்திணறல்வரை போகும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோளாறு நுரையீரல் செல்லில்தான், எதிர்ப்புச் சக்தியில் இல்லை. அதனால் தடுப்பூசி இவர்களுக்கும் வேலை செய்யும்.

இரண்டு மடங்கு என்றதும் பதற வேண்டாம். நம்மில் பாதிப் பேரிடம் இருக்கும் ஒன்று உங்களிடமும் 'இருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்தால், அதை வைத்து என்ன செய்வீர்கள்? அதைச் சுமந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே குணமானார்கள். 12ஆவது குரோமோசோமில் இருக்கும் இன்னொரு நியாண்டர்தால் துண்டோ கொரோனா முற்றும் ஆபத்தைச் சுமார் 22 சதவீதம் குறைக்கிறது. இதையும் கேளுங்கள்: கொரோனாவில் கெடுதல் செய்த அந்த மூன்றாவது குரோமோசோம் துண்டே ஹெச்ஐவி தொற்றும் வாய்ப்பை 27 சதவீதம் குறைப்பதாக 2022இல் செபெர்க் எழுதினார். இதில் எதை நல்ல ரத்தம் என்பது, எதைக் கெட்ட ரத்தம் என்பது? அடுத்து வரப்போவது என்ன கிருமி என்றே தெரியாதபோது, அதற்கு எந்த மரபணு இடம்கொடுக்கும் என்று அந்த விளம்பரக்காரருக்கு மட்டும் எப்படித் தெரிந்ததோ!

இந்த ஆராய்ச்சியெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் ஐசியு நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்தபோது உடலில் அழற்சியைத் தூண்டுவதில் பங்குள்ள 'டிஒய்கே2' என்ற மரபணு கண்ணில் பட்டது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் பேரிசிட்டினிப் மாத்திரை அந்த அழற்சி வழியில்தான் குறுக்கிடுகிறது. 8,000க்கும் அதிகமான நோயாளிகளிடம் சோதித்ததில், மரணம் 13 சதவீதம் குறைந்தது. அந்த மாத்திரையைக் கொடுக்க யாருடைய மரபணு ரிப்போர்ட்டும் தேவைப்படவில்லை.

மரபணு டெஸ்ட்டுக்கு நானே அனுப்பும் சந்தர்ப்பமும் உண்டு. 2020இல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களில் அண்ணன் தம்பிகளாக நான்கு பேர் ஐசியுவில் சேர்ந்தார்கள். எல்லோரும் 35 வயதுக்குள், அதுவரை எந்த நோயும் இல்லாதவர்கள். ஒருவர் இறந்தார். கிருமி நுழைந்ததை உடலுக்கு உணர்த்தும் 'டிஎல்ஆர்7' என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. நான்கு பேருக்கும் அதில் பழுது. உங்கள் தம்பி சாதாரண ஃப்ளூவுக்கே ஐசியு வரை போனார், நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சொல்லுங்கள், நிபுணரிடம் அனுப்புகிறேன். அப்பாவின் கதை அந்த வகையில் சேராது. சுகர் இருப்பவர்களைக் கொரோனா கடுமையாகத் தாக்கியது நமக்குத் தெரிந்ததுதான். பாட்டி எப்படித் தப்பினார் என்று தனி ஒருவரை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கக்கூடியது சுகர். நீங்களும் தம்பியும் இந்த வாரமே வெறும் வயிற்றுச் சுகரும் மூன்று மாதச் சராசரியும் பாருங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். பாட்டிக்கு வருடாவருடம் ஃப்ளூ ஊசி போடுகிறீர்களா? இல்லையென்றால், எச்சில் டெஸ்ட்டுக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.