ஓகே பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டதா? சின்ன லேப்டாப் கேள்வி பதில்

டிடிபி கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். திரையில் அடங்காத விண்டோக்களைப் பற்றிக் கேள்வி கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, என்னிடம் இருப்பது பள்ளியில் கொடுத்த லேப்டாப், திரை 1366 × 768 (அகலம், உயரம், பிக்சல் கணக்கில்). ஒரு மென்பொருளின் செட்டிங்ஸ் விண்டோ திரையை விட உயரமாக இருக்கிறது. ஓகே பட்டன் கீழே மறைந்துவிட்டது. மேலே இழுத்தாலும் போக மாட்டேன் என்கிறது. (கல்லூரி மாணவி)

மவுஸால் இழுத்தால் டைட்டில் பார் திரையின் மேல் விளிம்போடு நின்றுவிடும் தங்கச்சி. கீபோர்டால் நகர்த்துங்கள். அந்த விண்டோ முன்னால் இருக்கும்போது ஆல்ட், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்ன மெனு வரும். அப்புறம் எம் எழுத்தை அழுத்துங்கள், அது 'மூவ்', அதாவது நகர்த்து. இப்போது மேல் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டே இருங்கள். தலைப்புப் பகுதி மேலே மறைய மறைய, அடிப்பகுதி எழும்பி வரும். பட்டன் தெரிந்ததும் எண்டர்.

இதை விட்டுவிட்டு, டேப் விசையை எண்ணி எண்ணித் தட்டி, "இதுதான் ஓகே" என்ற நம்பிக்கையில் எண்டர் அடிப்பவர்கள் நிறைய. தயவுசெய்து வேண்டாம். நான் போய்வரும் ஒரு கடையில் ஸ்கேனர் செட்டிங்ஸ் விண்டோ இப்படித்தான் கீழே வெட்டுப்பட்டு நின்றது. வேலை பார்க்கும் பெண் மூன்று டேப் தட்டி எண்டர் அடித்தார். மறைந்திருந்த வரிசையில் மூன்றாவது பட்டன் 'ரீசெட்'. ரேஷன் கார்டு அளவு, சான்றிதழ் அளவு என்று மாதக்கணக்கில் சேமித்து வைத்திருந்த அமைப்புகள் எல்லாம் போயின. அன்று மாலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டோம். கண்ணுக்குத் தெரியாத பட்டனை அழுத்தாதீர்கள்.

ஐயா, எழுத்து பொடியாக இருக்கிறதென்று ஸ்கேலிங்கை 125 ஆக்கினேன். அன்றிலிருந்து பாதி விண்டோக்கள் திரைக்கு வெளியே போகின்றன. (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

காரணம் அதுவேதான் ஐயா. ஸ்கேலிங் திரையில் உள்ள எல்லாவற்றையும் அந்தச் சதவீதத்துக்குப் பெரிதாக்கும், அதனால் இடம் சுருங்கும். 768-ஐ 1.25-ஆல் வகுத்துப் பாருங்கள், 614 வரும். விண்டோஸ் 11-இல் டாஸ்க்பார் 48 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 566. அறுநூறு உயரத்துக்குச் செய்த விண்டோ அதில் எப்படி அடங்கும்?

ஸ்கேலிங்கை 100-க்கே திருப்பிவிடுங்கள். செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டி, அதற்குள் டெக்ஸ்ட் சைஸ் என்று தனியாக இருக்கிறது. அது எழுத்தை மட்டும் பெரிதாக்கும். 120 அளவில் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கும் இதமாக இருக்கும். பழைய மென்பொருள் சில இதற்குக் கட்டுப்படாது. டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்தால் அந்த 48-ம் கையில் வரும்.

பழைய நெட்புக், 1024 × 600, லினக்ஸ். என்ன செய்யலாம்?

லினக்ஸில் டெஸ்க்டாப் பல வகை. உங்களுடையது எக்ஸ்எஃப்சிஇ என்றால் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு விண்டோவின் எந்த இடத்திலும் மவுஸை வைத்து இழுக்கலாம், திரைக்கு மேலேயும் போகும். க்னோம் என்ற டெஸ்க்டாப்பில் ஆல்ட்டுக்குப் பதில் சூப்பர் விசை (விண்டோஸ் படம் போட்ட விசை). திரையைக் காட்டும் அமைப்பாக எக்ஸ்11 ஓடினால் எக்ஸ்ரேண்ட்ஆர் கட்டளையில் 'பேனிங்' என்று ஒன்று உண்டு. 1024 × 768 என்று கொடுத்துவிட்டால், மவுஸ் கீழே போகப் போகத் திரையும் கூடவே நகரும்.

ஓகே பட்டன் தெரியவில்லை சார்.

முதல் பதிலைப் பாருங்கள்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பட்டன்கள் ரொம்பப் பெரிது.

பிரிஃபரன்ஸஸ், இன்டர்ஃபேஸ், ரெசல்யூஷன் ஸ்கேல். 0.8 போடுங்கள்.

நான் மென்பொருள் எழுதுபவன். இன்னும் எத்தனை நாள் 768 திரையைக் கட்டி அழுவது? புது லேப்டாப் வாங்கச் சொல்லுங்கள்.

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் தம்பி. புது லேப்டாப்பையே எடுத்துக்கொள்வோம். 14 அங்குலம், 1920 × 1080. அதில் 150 சதவீத ஸ்கேலிங் சகஜம். 1080-ஐ 1.5-ஆல் வகுத்தால் 720. பள்ளி லேப்டாப்பின் 768-ஐ விடவும் குறைவு! கண் மங்கியவர் 175 வைத்தால் 617தான். திரை பழசா புதுசா என்பதல்ல விஷயம், உங்கள் விண்டோ உயரத்தைப் பூட்டி வைத்திருக்கிறது, அதுதான் கோளாறு.

அவரே மீண்டும்: ஸ்க்ரோல்பார் வைத்தால் அழகு கெடும்.

இடம் போதாதபோது மட்டுமே அது தோன்றும். விண்டோ வடிவமைக்கும் கருவிகளிலேயே இதற்கு வழி உண்டு: வின்ஃபார்ம்ஸில் ஆட்டோஸ்க்ரோல், க்யூட்டியில் க்யூஸ்க்ரோல்ஏரியா. உள்ளடக்கத்தை அதற்குள் வையுங்கள். ஓகே, கேன்சல் இரண்டையும் வெளியே, அடியில் நிலையாக வையுங்கள். ஓரத்தைப் பிடித்துச் சிறிதாக்கவும் அனுமதியுங்கள். வெளியிடும் முன் 1366 × 768, 125 சதவீதம் வைத்து ஒவ்வொரு விண்டோவையும் ஒரு தடவை திறந்து பாருங்கள், அரை மணி நேரம் ஆகுமா? அந்த அரை மணி நேரத்தை நீங்கள் செலவழிக்காததால்தான் அந்தக் கடைப் பெண் ஒரு மாலையை இழந்தார்.

ஓகே பட்டன் கீழே மறைகிறது. டேப் தட்டி எண்டர் அடிக்கலாமா?

கூடாது. முதல் பதிலை முழுதாகப் படியுங்கள்.

எந்த மானிட்டர் வாங்கலாம்?

விலை, மாடல் எல்லாம் கடையில் கேளுங்கள், அது என் துறை இல்லை.

அண்ணா, முதலில் கேட்டவள்தான். ஆல்ட், ஸ்பேஸ் அழுத்தினேன். மெனு வந்தது, 'மூவ்' மங்கலாக இருக்கிறது.

விண்டோ முழுத்திரையாக விரிந்திருக்கிறது தங்கச்சி. விண்டோஸ் விசையோடு கீழ் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்துங்கள், 'மூவ்' உயிர் பெறும். சில மென்பொருளில் அந்த மெனுவே வராது. அப்போது டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஓரியன்டேஷனை போர்ட்ரெய்ட் ஆக்கி, லேப்டாப்பைப் புத்தகம் பிடிப்பது போலப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். 1366 உயரமாகிவிடும், உயரமான விண்டோவும் பெரும்பாலும் அடிவரை தெரியும். மவுஸ் திசை மாறிப் போகும், மெதுவாக நகர்த்துங்கள். 'கீப் சேஞ்சஸ்' கொடுக்காவிட்டால் 15 நொடியில் திரை பழையபடி திரும்பிவிடும், பயப்பட வேண்டாம். ஓகே அழுத்தியதும் லேண்ட்ஸ்கேப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.