வாக்குக்குப் பணம், கட்சிக்குப் பத்திரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதற்காக வங்கியில் விற்கப்பட்ட தேர்தல் பத்திரங்கள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நிறுவனங்களின் பணம் அரசின் முடிவுகளை வளைக்கிறது என்று அதில் சொல்லியிருந்தீர்கள். நான் திருப்பூரில் ஒரு பட்டயக் கணக்காளரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வரும் நிறுவனங்கள் கோயில் திருவிழாவுக்கும் கொடுக்கின்றன, கட்சி மாநாட்டுக்கும் கொடுக்கின்றன. முதலாளிகளுக்கு இரண்டும் ஊரோடு ஒத்துப்போவதற்கான செலவுதான். கட்சி நடத்தப் பணம் வேண்டும். அதை வரி கட்டும் நிறுவனம் வங்கி வழியாகக் கொடுத்தால், மூட்டையில் வரும் கறுப்புப் பணத்தைவிட அது மேல் அல்லவா? தவிர, பத்திரம் வாங்காத கட்சிதான் எது? கடைசியாக, வாக்குக்கு ஐந்நூறும் ஆயிரமும் வாங்கிக்கொள்ளும் மக்களுக்கு நிறுவனங்களைக் குறைசொல்ல என்ன தகுதி இருக்கிறது?

எஸ்.
திருப்பூர்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

வங்கி வழியாக வரும் பணம் மேலானது என்ற வாதத்தைத்தான் 2017 பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கையை வாசித்தபோது அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லியும் முன்வைத்தார். அது பாதி உண்மை. பத்திரத்தை வாங்கியவர் தன் அடையாளத்தை வங்கியிடம் தரவேண்டியிருந்தது, பணமும் வங்கிக் கணக்கிலிருந்துதான் போயிற்று. ஆனால் அந்தப் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மீதிப் பாதி புரியும். 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகளில், பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டும் விற்கப்பட்ட அந்தத் தாளில் வாங்கியவரின் பெயர் இராது. கட்சி அதை 15 நாட்களுக்குள் பணமாக்கிக்கொள்ள வேண்டும். 2018இல் ஒரு பத்திரிகையாளர் 1,000 ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத வரிசை எண் ஒன்று புற ஊதா ஒளியில் தெரிந்தது. கள்ளப் பத்திரத்தைத் தடுப்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடுதான் அது என்று நிதியமைச்சகம் விளக்கம் சொன்னது. ஆறு ஆண்டுகள் கழித்து, உச்ச நீதிமன்றம் கறாராகக் கேட்ட பிறகு, அதே எண்ணைக் கொண்டுதான் எந்த நிறுவனத்தின் பத்திரம் எந்தக் கட்சியின் கணக்குக்குப் போனது என்று நாம் பொருத்திப் பார்த்தோம்.

ஆக, கொடுத்தவர் யார் என்பது வாங்கிய கட்சிக்குத் தெரியும், பத்திரத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பவரை யாரும் முகம் பார்க்காமல் அனுப்புவதில்லை. விவரங்கள் எல்லாம் அரசுடைமை வங்கியிடம் இருந்தன, குற்ற வழக்கு பதிவானால் புலனாய்வு அமைப்புகள் அவற்றைக் கேட்டுப் பெறவும் திட்டத்தில் வழி இருந்தது. தெரியாமல் இருந்தது வாக்காளருக்கு மட்டும்தான். நன்கொடையாளரின் அந்தரங்கத்தைக் காப்பது அவரைப் பழிவாங்கலிலிருந்து காப்பதாகும் என்று அரசு நீதிமன்றத்தில் வாதிட்டது. ரகசிய வாக்குரிமை எளியவரை வலியவரிடமிருந்து காக்க வந்த ஏற்பாடு. அந்தக் காப்பை வலியவருக்கு எடுத்துக்கொடுத்து, எளியவரின் கண்ணைக் கட்டிவிட்டது இந்தத் திட்டம். என் ஆட்சேபமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இதை ரத்து செய்தபோதும், வாக்காளரின் தகவல் அறியும் உரிமையைத்தான் அடிப்படையாகக் கொண்டார்கள்.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர் என்பதால் கம்பெனிச் சட்டத்தின் 182ஆம் பிரிவு உங்களுக்குப் புதிதல்ல. ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பு அதில் இருந்தது. பத்திரத் திட்டத்தோடு சேர்த்து 2017இல் அந்த வரம்பை நீக்கினார்கள். எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டவேண்டிய கட்டாயத்தையும் நீக்கினார்கள். நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கொடுக்கலாம் என்றாயிற்று. போலி நிறுவனங்கள் முளைக்கும் என்று தேர்தல் ஆணையம் அப்போதே எழுத்துமூலம் எச்சரித்தது, ரிசர்வ் வங்கியும் ஆட்சேபித்தது. நவி மும்பையில் பதிவான குவிக் சப்ளை செயின் என்ற, அதுவரை அதிகம் பேர் கேள்விப்பட்டிராத நிறுவனம் 2021-22இல் மட்டும் 360 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருக்கிறது. அந்த ஆண்டு அதன் நிகர லாபம் 21 கோடி சொச்சம். அந்த ஓராண்டு லாபத்தையே அளவாகக் கொண்டாலும், பழைய வரம்பின்படி அது கொடுத்திருக்கக்கூடியது ஒன்றரைக் கோடியைச் சற்றே தாண்டியிருக்கும். திருவிழாவுக்குக் கொடுக்கும் உங்கள் முதலாளிகள் யாரும் லாபத்தைப்போலப் பதினாறு மடங்கை உண்டியலில் போடுவதில்லை.

எல்லாக் கட்சிகளும் வாங்கின என்கிறீர்கள். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி வாங்க மறுத்ததோடு வழக்கும் தொடுத்தது என்பதைச் சொல்லிவிட்டு, உங்கள் கூற்றின் சாரத்தை ஒப்புக்கொள்கிறேன். 2019 ஏப்ரலுக்கும் 2024 பிப்ரவரிக்கும் இடையில் பணமாக்கப்பட்ட ஏறத்தாழ 12,769 கோடி ரூபாயில், மத்தியில் ஆளும் பாரதிய ஜனதாவுக்கு 6,060 கோடி. மேற்கு வங்கத்தை ஆண்ட திரிணாமூல் காங்கிரஸுக்கு 1,600 கோடிக்கு மேல். தெலங்கானாவை ஆண்ட பாரத் ராஷ்டிர சமிதிக்கு 1,200 கோடிக்கு மேல். ஒற்றை மாநிலக் கட்சியான பிஜு ஜனதா தளத்துக்கு 775 கோடி. தி.மு.க. பெற்றதில் 509 கோடியைத் தந்தது கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங். லாட்டரி விற்பனைக்கு 2003 முதல் தடை இருக்கும் மாநிலத்தை ஆண்ட கட்சிக்கு ஒரு லாட்டரி நிறுவனம் இவ்வளவு கொடுப்பானேன் என்று நான் ஊகிக்கப்போவதில்லை. கொடுத்தவரின் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் தானாகவே சொன்ன சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அ.தி.மு.க. 2019இல் மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்தபோதும் பத்திரம் வழியாகப் பெற்றது சுமார் 6 கோடிதான். பணம் அதிகாரத்தைத் தேடிப் போகிறது என்ற என் வாதத்துக்கு அது ஒத்துவரவில்லை. ஆனாலும் மொத்தப் பட்டியலின் போக்கு மறைக்க முடியாதது.

ஹைதராபாத் மருந்து நிறுவனம் ஒன்றின் இயக்குநரை டெல்லி மதுக்கொள்கை வழக்கில் அமலாக்கத் துறை 2022 நவம்பர் 10 அன்று கைது செய்கிறது. ஐந்து நாள் கழித்து அந்த நிறுவனம் 5 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்குகிறது, அதை பா.ஜ.க. பணமாக்குகிறது. அடுத்த ஆண்டு அந்த இயக்குநர் அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறுகிறார். தேதிகள் அடுத்தடுத்து வருவதாலேயே குற்றம் நிரூபணமாகிவிடாது. இத்தகைய விவகாரங்களைச் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரிக்கவேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றமே 2024 ஆகஸ்ட்டில் ஏற்கவில்லை. ஆனால் 2022 நவம்பரில் இந்தத் தேதிகள் நமக்குத் தெரிந்திருந்தால் சட்டமன்றத்திலும் தெருமுனையிலும் யாராவது ஒருவர் கேள்வி கேட்டிருப்பார், அமைச்சர்கள் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும். அந்த வாய்ப்பு முழுதாகப் பறிபோயிற்று.

அப்படியானால் நிறுவனங்களின் நன்கொடையை ஒரேயடியாகத் தடைசெய்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் முதல் கேள்வியின் மறுபக்கம் அது. டாடா இரும்பு நிறுவனம் கட்சிகளுக்குப் பணம் கொடுக்கும் அதிகாரம் கேட்டு வந்த வழக்கில், 1957இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சாக்ளா அனுமதி கொடுத்தார். கொடுத்த கையோடு, இது ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்கக்கூடிய ஆபத்து என்று நாடாளுமன்றத்தை எச்சரிக்கவும் செய்தார். 1969இல் இந்திரா காந்தி அரசு நிறுவன நன்கொடைக்கு முழுத்தடை விதித்தது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி பெருந்தொழில் குடும்பங்களின் ஆதரவோடு 1967 மக்களவையில் 44 இடங்களைப் பிடித்திருந்த சமயம் அது என்பதால், தடையின் உள்நோக்கம் பற்றி அன்றே பேச்சு எழுந்தது. 1985இல் தடை விலகும்வரை பணம் நின்றுவிடவில்லை. உரிமமும் பர்மிட்டும் வேண்டியவர்கள் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆகவே தடையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வாக்குக்குப் பணம் வாங்குபவருக்கு என்ன தகுதி என்ற கேள்விக்கு வருகிறேன். பணப் பட்டுவாடா காரணமாக 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தானதைக் கண்ட மாநிலத்தில் இருந்துகொண்டு, மக்கள் அப்பாவிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஐந்நூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது? மக்களவை வேட்பாளர் தமிழ்நாட்டில் 95 லட்சம் வரைதான் செலவழிக்கலாம். கட்சிக்கு வரம்பே கிடையாது. கட்சி ஒரு வேட்பாளருக்காகச் செய்யும் செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மாதமே அவசரச் சட்டம் போட்டு அதைச் செல்லாததாக்கினார்கள். மேலே வரம்பில்லாமல் சேரும் பணம்தான் கீழே கவரில் வந்து சேர்கிறது. வாங்கியவர் வேறு சின்னத்தில் குத்திவிட்டு வரலாம், வாக்குச்சாவடிக்குள் அவரை யாரும் கேட்க முடியாது. 500 கோடி வாங்கிய கட்சியால் கொடுத்தவரை மறந்துவிட முடியுமா? சாலை ஒப்பந்தம், சுரங்க ஏலம், மருந்தின் விலை என்று ஏதாவது ஒரு கோப்பு மேசைக்கு வரும்போதெல்லாம் அந்தத் தொகை நினைவுக்கு வந்தே தீரும்.

பத்திரங்களை ரத்து செய்த 2024 தீர்ப்புக்குப் பிறகும் பணம் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது, இப்போது பெரும்பகுதி தேர்தல் அறக்கட்டளைகளின் வழியாக. புரூடென்ட் என்ற அறக்கட்டளை 2023-24இல் பா.ஜ.க.வுக்கு 723 கோடியும் காங்கிரஸுக்கு 156 கோடியும் தந்திருக்கிறது. கொடுத்த நிறுவனங்களின் பெயர்களும் வாங்கிய கட்சிகளின் பெயர்களும் பட்டியலில் இருக்கும். பல நிறுவனங்களின் பணம் ஒரே பானையில் விழுந்து பிரிக்கப்படுவதால், யாருடைய பணம் யாருக்கு என்பது மட்டும் தெரியாது. பத்திரத்தைவிட இது மேல், போதாது. கட்சிச் செலவுக்கு வரம்பும், பானையில் கலக்காத நேரடிக் கணக்கும் வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். 7.5 விழுக்காட்டு வரம்பையும் கட்சியின் பெயரை லாபநட்டக் கணக்கில் எழுதவேண்டிய கடமையையும் நீக்கிய திருத்தங்களை அதே தீர்ப்பு செல்லாதென்று அறிவித்துவிட்டது. கட்சி மாநாட்டுக்குக் கொடுத்த தொகை உங்கள் மேசைக்கு வரும் கணக்குகளில் ‘விளம்பரம்’ அல்லது ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பில் வந்தால், அது எந்தக் கட்சி என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.