எல்லா அணிக்கும் ஒரே செலவு வரம்பு சரிவருமா?

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களின் எட்டு அணிகளைச் சேர்த்துக் கால்பந்து லீக் நடத்தும் கிளப் செயலாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் பையன்கள் கரையில் இருக்கும்போது நடக்கும் இந்த லீக்கில், ஓர் அணி வளைகுடா நாடுகளிலிருந்து வரும் நன்கொடையைக் கொண்டு ஆட்டத்துக்கு ஆறேழு வெளியூர் வீரர்களை இறக்குகிறது. அதற்கு ஈடுகொடுக்கப் போன இரண்டு அணிகள் கடனில் விழுந்து, இந்த ஆண்டு பெயர் கொடுக்கவே தயங்குகின்றன. “ஓர் அணி இத்தனை ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது என்று விதி போட்டுவிடலாமா?” என்பது அவருடைய கேள்வி.

வரம்பு வேண்டும். ஆனால் எல்லா அணிக்கும் ஒரே தொகை என்று வைத்தால் நீங்கள் காப்பாற்ற நினைக்கும் சிறிய அணிகளுக்கே அது முதலில் கேடாகும். வரம்பு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15,000 ரூபாய் மட்டுமே வரவுள்ள அணி, விதி அனுமதிக்கிறதே என்று மீதியைக் கடன் வாங்கிச் செலவழிக்கும். 80,000 ரூபாய் வரவுள்ள அணியோ வரம்புக்கு மேற்பட்டதைக் கணக்கில் காட்டாமல் வீரரின் கையில் கொடுத்துவிடும்.

இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகள் இதைச் செய்து பார்த்தவைதான். 2020 ஆகஸ்டில், ஓர் ஆண்டுக்கான சம்பளச் செலவு மூன்றாம் நிலையான லீக் ஒன் அணிகளுக்கு 25 லட்சம் பவுண்டு, நான்காம் நிலையான லீக் டூ அணிகளுக்கு 15 லட்சம் பவுண்டு என்று வாக்கெடுத்து விதி போட்டார்கள். வீரர்கள் சங்கம் அதை எதிர்த்துத் தகராறு தீர்க்கும் நடுவர் குழுவிடம் போயிற்று. வீரர்களைக் கலந்து பேசுவதற்கென்று இருந்த குழுவின் நடைமுறையை மீறி விதி கொண்டுவரப்பட்டது என்று தீர்ப்பாகி, 2021 பிப்ரவரியில் அந்த வரம்பு கைவிடப்பட்டது. அணிகள் பழைய முறைக்கே திரும்பின. வரவில் இத்தனை சதவீதத்துக்கு மேல் சம்பளத்துக்குப் போகக்கூடாது என்பது அந்த முறை. லீக் ஒன்னில் 60, லீக் டூவில் 55 என்று அது நெடுநாள் இருந்தது.

இந்தச் சதவீதக் கணக்கு நம் கடற்கரைக்குப் புதியதன்று. விசைப்படகு கரை சேர்ந்து மீன் விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மீதியைத்தான் உரிமையாளரும் ஆட்களும் பங்கு பிரிக்கிறார்கள். மீன்பாடு குறைந்தால் எல்லாருடைய பங்கும் குறைகிறது. நாளை வரப்போகும் மீனை நம்பி யாரும் இன்று பங்கு கேட்பதில்லை. கிளப்பிலும் அப்படியே, சந்தா, ஊர் வசூல், விளம்பரத் தட்டி, நன்கொடை என்று கையில் வந்து சேர்ந்த பணத்தில் மைதானம், விளக்கு, பந்து, நடுவர் செலவைக் கழித்து, எஞ்சியதில் பாதிக்கு மேல் வெளியூர் வீரர்களுக்குப் போகக்கூடாது என்று வையுங்கள். கடன் வரவாகாது என்பதைத் தனி வரியாக எழுதிவிடுங்கள்.

நன்கொடையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். லீக் டூவின் கணக்கில், உரிமையாளர் திருப்பிக் கேட்காமல் கொடுத்த பணமும் வரவாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே கை நிறையக் கொடுக்கும் உரிமையாளர் கிடைத்த அணிக்கு வரம்பும் உயர்ந்தது. உங்கள் லீக்கிலும் வெளிநாட்டில் சம்பாதிக்கும் ஒரே சபராளி ஒரு லட்சம் அனுப்பினால் சதவீத விதி அன்றே பொருளிழந்துவிடும். ஊர்மேல் பற்று வைத்து அனுப்புகிறவரைத் தடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். ஆனால் வீரர் செலவுக்கான வரவாக ஒருவரிடமிருந்து வந்ததில் மொத்த வரவின் கால் பங்கு வரைதான் கணக்கில் சேரவேண்டும். மீதி சிறுவர் பயிற்சிக்கும் மைதானத்துக்கும் போகட்டும். பணம் கிளப்பின் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த நாளில்தான் அது வரவு. வாட்ஸ்அப்பில் சொன்ன வாக்குறுதி வரவாகாது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு கிளப்பின் கணக்கு நோட்டைப் பார்த்துக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் வெளியூர் கோல்கீப்பருக்கு 3,000 ரூபாய், வேனுக்கு 2,800 ரூபாய் என்று பேனாவில் எழுதியிருந்தது. அதே தாளின் பின்பக்கத்தில், ஜெர்சி கடை பாக்கி, விளக்குக்காரர் பாக்கி என்று பென்சிலால் எழுதி, தொகையை இரண்டு முறை அழித்து மாற்றியிருந்தார்கள். அந்த அணிதான் அந்த ஆண்டு கோப்பை வாங்கியது. மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பெரி ஊரின் கிளப்பும் 2019-ல் லீக் டூவில் இரண்டாவதாக வந்து மேல்நிலைக்கு ஏறியது. அந்த வெற்றியின்போதே வீரர்களுக்குச் சம்பள பாக்கி இருந்தது. 1885-ல் தொடங்கி, இங்கிலாந்தின் பழம்பெரும் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்ற அந்தக் கிளப், அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஆகவே பழைய பாக்கி முழுவதும் தீர்ந்தது என்று கடைக்காரரும் நடுவரும் போன ஆண்டு வீரரும் கையெழுத்திட்டுத் தந்தால்தான் புதிய வெளியூர் வீரரைப் பதிவு செய்யலாம் என்ற விதியை, சதவீத விதிக்கும் முன்னால் வையுங்கள். இங்கே சொல்லும் விதிகளில் ஒன்றை மட்டும் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

பணத்தை ஒளிக்கலாம், தலையை ஒளிக்க முடியாது. எனவே களத்தில் ஒரே நேரத்தில் வெளியூர் வீரர் மூவருக்கு மேல் நிற்கக்கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் உள்ளூர் என்பதைக் கவனமாக எழுதுங்கள். கீழக்கரையில் படித்துக்கொண்டிருக்கும் பையனும், மண்டபத்தில் படகுக்குப் போகிறவனும், துபாயிலிருந்து விடுப்பில் வந்தவனும், பெண் கட்டி உங்கள் ஊரிலேயே தங்கிவிட்டவனும் வெளியூராராகிவிடக்கூடாது. அந்த ஊரின் குடும்ப அட்டையில் பெயர், அல்லது அந்தக் கிளப்பில் இரண்டு ஆண்டு ஆடிய பதிவு, இரண்டில் ஒன்று போதும்.

பரிசுத் தொகையையும் திருத்தவேண்டும், ஏனென்றால் செலவுப் போட்டியின் வேர் அங்கேதான் இருக்கிறது. முதல் பரிசு 50,000, இரண்டாம் பரிசு 25,000, மற்ற ஆறு அணிக்கு ஒன்றுமில்லை என்றால் எல்லாரும் முதல் பரிசை நம்பித்தான் கடன் வாங்குவார்கள். அதே 75,000 ரூபாயில் 40,000 ரூபாயை எட்டு அணிக்கும் தலா 5,000 என்று பிரித்து, மீதியில் 20,000, 15,000 என்று இரண்டு பரிசு வைத்தால் தோற்ற அணியும் வேன் வாடகைக்குப் பிறர் கையை எதிர்பார்க்காது.

தண்டனையை முன்கூட்டியே எழுதிவையுங்கள். அபராதத்தைவிடப் புள்ளி குறைப்பதே உறைக்கும், அபராதத்தையும் அந்த நன்கொடையாளரே கட்டிவிடுவார். கணக்கைப் பார்ப்பவர் எந்த அணியையும் சேராதவராக, ஓய்வுபெற்ற வங்கி அலுவலராகவோ தலைமையாசிரியராகவோ இருக்கட்டும். இங்கிலாந்தில் மேல் ஐந்து நிலைக் கிளப்புகளின் பணக் கணக்கை மேற்பார்க்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்று 2025 ஜூலையில் சட்டமே ஆகியிருக்கிறது. கிளப்புகளே ஒன்றையொன்று கண்காணித்தது போதவில்லை என்பதுதான் காரணம். உங்கள் லீக் பதிவாகவில்லையென்றால், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிந்துகொள்ளலாம். லீக்கின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்க அது உதவும்.

தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்குகிறது. பிப்ரவரியிலேயே கூட்டம் போட்டு, அணிக்கு ஒரு நிர்வாகியோடு ஒரு வீரரையும் அழைத்து, வரைவைப் படித்துக் காட்டி வாக்கெடுங்கள். இப்போது கடனில் இருக்கும் இரண்டு அணிகளுக்கும் பாக்கியைத் தவணையில் தீர்க்க இந்த ஒரு பருவம் மட்டும் அவகாசம் கொடுத்து, அதையும் அதே தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.